எட்டாவது ஓட்டை

மார்ச் 5, புதன்

இந்த டைரி அப்பாவின் கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்தது. பின்பக்கங்களில், தூத்துக்குடித் துறைமுகத்தில் எந்த நாள் எத்தனை மணிக்குக் கடல் ஏறும், இறங்கும் என்ற அட்டவணை இருக்கிறது. இரண்டு மாதம் சும்மா கிடந்தது. இன்று சாம்பல் புதன். தபசு காலத்துக்கு ஆளுக்கொரு தீர்மானம் எடுக்க வேண்டும் என்று அம்மா சொன்னாள். இனிப்பை விடுவது எனக்குப் பழசாகிவிட்டது. ஈஸ்டர் வரை இதில் உண்மையை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். என் பெயர் ஆக்னஸ். ஒன்பதாம் வகுப்பு. இதுவரை எல்லாம் உண்மை.

அப்பாவின் தீர்மானம்தான் எங்களைத் திகைக்க வைத்தது. நாற்பது நாளும் ஒருசந்தி. ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. போன வருடம் தபசு காலத்து வெள்ளிக்கிழமையில் சால்னாவில் பரோட்டாவை முக்கித் தின்றுவிட்டு, அதில் கறி கிடந்தது தனக்குத் தெரியாது என்று சாதித்தவர். அம்மா, சூரியன் மேற்கே உதித்துவிட்டது என்றாள்.

மார்ச் 7, வெள்ளி

தபசு காலத்து வெள்ளிகளில் எங்கள் வீட்டில் செபமாலை முடிந்ததும், முழங்காலில் நின்று, இரண்டு கைகளையும் விரித்து மேலே ஏந்தி, ஐந்து அருள் நிறைந்த மந்திரம் சொல்லுவோம். கை கடுக்கும். இறக்கக் கூடாது. இன்று மூன்றாவது மந்திரத்தின் நடுவில் அம்மா நிறுத்திவிட்டாள். அப்பாவின் கைக்கடிகாரம் மணிக்கட்டை விட்டு வழுக்கி, முன்கையில் பாதிவரை வந்து நின்றது.

அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா ஒரு டக் போட்டின் கேப்டன். பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் துறையில் கொண்டுவந்து சேர்க்கும் படகு அது. எட்டு வருடத்துக்கு முன்னால் எஞ்சின் நின்றுபோய், அலைதடுப்புப் பாறைகளை நோக்கி நகர்ந்த ஒரு கிரேக்கக் கப்பலை அப்பா இழுத்து நிறுத்தினார். அதன் கேப்டன் தன் கையிலிருந்தே கழற்றிப் போட்டுவிட்ட சுவிட்சர்லாந்துக் கடிகாரம். நீல முகப்பு, கனமான ஸ்டீல் பட்டை. தூத்துக்குடியில் இதுபோல் இன்னொன்று இருக்காது என்று அப்பாவின் படகில் வேலை செய்பவர்கள் சொல்வார்கள். எட்டு வருடத்தில் அதில் ஒரு கீறல் இல்லை.

"என்னங்க, வாச்சு இந்த ஓட்டம் ஓடுது? நாளைக்கே டாக்டரப் பாக்கணும்" என்றாள் அம்மா.

"பட்டை லூசாயிட்டு ஃபிலோ. அதுக்கு டாக்டர் என்ன செய்வாரு, ஸ்க்ரூ முடுக்குவாரா?"

அம்மா சிரிக்கவில்லை. மிச்ச மந்திரங்களை அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மார்ச் 8, சனி

காலையில் துணி காயப்போட மாடிக்குப் போனபோது அப்பா பின்னாலேயே வந்தார். ஸ்டீல் பட்டையைக் கழற்றிவிட்டுத் தோல்வார் போட வேண்டும், வீட்டிலேயே செய்ய முடியுமா என்று கேட்டார். வாட்ச் கடை செல்வின் மாமாவிடம் கொடுத்தால் பத்து நிமிட வேலை என்றேன்.

"அவன் கோயில்ல பாடுத ரெண்டு பாட்டுக்கு நடுவுல உங்கம்மாட்ட சொல்லிருவான். எட்டி, நீதான வீட்ல படிச்ச பிள்ள. எதுன்னாலும் வாசிச்சே செஞ்சிருவியே."

அம்மாவிடம் ஏன் சொல்லக் கூடாது என்று கேட்டேன். மே மாதம் கம்பெனியில் மெடிக்கல் இருக்கிறது என்றார். டாக்டரிடம் போனால் காகிதத்தில் எதையாவது எழுதுவார்கள், எழுதிவிட்டால் கரையேற்றிவிடுவார்கள், கரையேறிய கேப்டனுக்கு வீட்டில் நாற்காலி மட்டும்தான் என்றார். ஈஸ்டருக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொள்வாராம். அதுவரை வாச்சு ஓடாமல் இருந்தால் போதும்.

அப்பா என்னிடம் உதவி கேட்பது இதுதான் முதல் தடவை. சரி என்றேன்.

மார்ச் 12, புதன்

இன்று முடித்தேன். விவரமாக எழுதுகிறேன்.

வாரும், கவட்டை நுனி உள்ள ஒரு சின்னக் கருவியும் நேற்றே அப்பாவின் படகுத்துறை விலாசத்துக்கு வந்துவிட்டன. கடிகாரப் பெட்டியில் இருந்த சிறுபுத்தகத்தை மூன்று தடவை வாசித்தேன். நான்கு காணொளிகள் பார்த்தேன். கடிகாரத்தின் வட்ட உடம்பிலிருந்து நான்கு கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எதிரெதிர்க் கொம்புகளுக்கு நடுவில் ஒரு மெல்லிய ஸ்பிரிங் கம்பி. பட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். அதன் நுனியைக் கருவியால் அழுத்தி உள்ளே தள்ளினால் பட்டை கையோடு வந்துவிடும். கீறல் விழுவதெல்லாம் அந்தக் கணத்தில்தான்.

அம்மா மாதா சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். என் மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியை நாலாக மடித்து, கடிகாரத்தை முகம் குப்புறப் படுக்க வைத்தேன். ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலால் கொம்புகளின் இடைவெளியை அளந்தேன். இருபது மில்லிமீட்டர். வாரும் அதேதான். கொம்புகளின் மேல் செலோடேப்பை இரண்டு சுற்று ஒட்டினேன். கம்பி துள்ளித் தெறித்தால் கண்டுபிடிக்க முடியாதாம்; அதனால் ஒரு கண்ணாடித்தாள் பைக்குள் கையை விட்டு வேலை செய்தேன். மூச்சை இழுத்துப் பிடித்தபடி அழுத்தினேன். மூன்று முனைகள் சுலபமாக வந்துவிட்டன. தோல்வாரைப் பொருத்துவதும் சுலபம்தான். ஒரு நுனியைத் துளையில் வைத்து, மறு நுனியை அழுத்தி உள்ளே விட்டால் டிக் என்று உட்கார்ந்துவிடும்.

நாலாவது முனையில் டேப் சுருண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. கருவி வழுக்கியது. கீழ்க் கொம்பு ஒன்றின் ஓரத்தில் ஒரு கோடு. அரிசி நீளம்கூட இல்லை. ஆனால் வெளிச்சத்தில் திருப்பினால் மின்னுகிறது. எச்சில் தொட்டுத் துடைத்தேன். கீறலை எச்சில் என்ன செய்யும்?

அப்பா வேலை முடிந்து வந்து கட்டிப் பார்த்தார். வாரில் நுனியிலிருந்து எண்ணினால் ஏழு ஓட்டைகள். ஐந்தாவது சரியாக இருந்தது. கையை உதறிப் பார்த்தார். நகரவில்லை. என் தலையைத் தட்டினார். கீறலைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது. தீர்மானம் முறியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கைவிரித்துச் செபித்தோம். கடிகாரம் அசையவில்லை. தோல்வார் எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்டாள். கம்பெனியில் மாற்றிக் கொடுத்தார்கள் என்றார் அப்பா. ஐந்தாவது மந்திரம் முடிந்ததும் அம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். "நாந்தான் வீணா பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, அடுக்களையில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள். டாக்டர் பேச்சு எழவில்லை. எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

எங்கள் தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் பங்குச்சாமி அப்பாவின் ஒருசந்தியை எல்லோருக்கும் உதாரணமாகச் சொன்னார். முகத்தில் ஒரு தேசு வந்திருக்கிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

மார்ச் 24, திங்கள்

ஆறாவது ஓட்டை.

அப்பா மத்தியானச் சாப்பாட்டில் மீனை என் தட்டுக்குத் தள்ளிவிடுகிறார். படிக்கிற பிள்ளைக்குத்தான் மீன் வேண்டுமாம். குழம்பை மட்டும் சோற்றில் விட்டுப் பிசைந்துகொண்டே இருக்கிறார். நன்றாகப் பிசைந்தால் சீக்கிரம் செரிக்கும் என்று அறிவியல் பாடத்தில் இல்லை, நன்றாக மென்றால்தான்.

மார்ச் 29, சனி

வார் மடிகிற இடத்தில் கோடு விழுகிறது. ஐந்தாவது ஓட்டையில் ஒன்று, ஆறாவதில் ஒன்று. தோல் எதையும் மறப்பதில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

ஏழாவது. வாரில் இதுதான் கடைசி ஓட்டை.

அப்பா காலையில் குழாயை முழுவதும் திறந்துவிட்டுக் குளியலறையில் நெடுநேரம் பல் தேய்க்கிறார். ஒரு வாளித் தண்ணீர் வீணாகிறது. நீர்ச் சிக்கனம் பற்றி நான் எழுதிய கட்டுரையை வாசித்துக் காட்டலாம் என்று நினைத்தேன். வெளியே வந்தபோது அவர் கண்கள் கலங்கிச் சிவந்திருந்தன. வாசிக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

கணக்குப் பரீட்சை. வட்டத்தின் சுற்றளவு கேட்டிருந்தார்கள். நன்றாக எழுதினேன்.

ஏப்ரல் 12, சனி

அம்மா நாளைய குருத்து ஞாயிறுக்கு ஓலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனதும் அப்பா வாரைக் கழற்றி என் முன்னால் வைத்தார். இன்னொரு ஓட்டை வேண்டும்.

"ஏன்ப்பா, தோல் நீளுமா?"

"நீளும். வேர்வை பட்டா நீளும்லா."

காம்பஸ் முனையால் புள்ளி குத்தி, கோணி ஊசியை அடுப்பில் காய்ச்சி இறக்கினேன். தோல் பொசுங்கும் நாற்றம் வந்தது. எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு சாம்பிராணி போட்டேன். ஓட்டை மற்றவை போல் வட்டமாக வரவில்லை, கொஞ்சம் கோணல். கட்டுவதற்கு முன்னால் வாரை ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். வந்த அன்றைக்குக் குறித்துவைத்த நீளம்தான். ஒரு மில்லிமீட்டர்கூட நீளவில்லை.

ஸ்கேல் பழையது. முனை தேய்ந்திருக்கலாம்.

அப்பா கட்டிக்கொண்டு, "ஒங்கை ராசியான கைட்டி" என்றார். அவர் மணிக்கட்டு எலும்பு ஒரு கோலிக்காய் போல் துருத்திக்கொண்டிருந்தது. அது முன்பும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நான் கவனித்திருக்க மாட்டேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

மத்தியானம் மூன்று மணி வழிபாட்டில் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை முத்தமிட்டு முத்தி செய்ய வரிசையில் போனோம். அம்மா முன்னால், நான் அடுத்து, அப்பா எனக்குப் பின்னால். நாங்கள் முத்தி செய்துவிட்டு ஒதுங்கினோம். அப்பா முழங்காலில் விழுந்து சிலுவையின் காலடியில் நெற்றியை வைத்தார். எழவில்லை. பின்னால் இருந்த வரிசை அப்படியே நின்றது. யாரும் முணுமுணுக்கவில்லை. ஒரு பெண் தன் பிள்ளையிடம் அப்பாவைக் காட்டி, அதுபோல் செபிக்க வேண்டும் என்றாள். பங்குச்சாமி கைகட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். நாற்பது நாள் ஒருசந்தி இருந்தவர் நெடுநேரம் செபிக்கிறார் என்று கோயிலே காத்திருந்தது. நானும்தான் காத்திருந்தேன். அவர் முதுகைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டு.

பாடகர் குழுவில் நின்ற செல்வின் மாமாதான் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி வந்தார். அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கப் போனவர் பிடித்த கையைத் திருப்பிப் பார்த்தார். அம்மாவைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"மைனி, இவருக்குக் கையே இல்ல. எலும்புதான் இருக்கு."

ஏப்ரல் 19, சனி

ஆஸ்பத்திரி. ஸ்கேன் அறைக்குள் கொண்டுபோகும் முன் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று நர்ஸ் கடிகாரத்தைக் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்தார். அரைமணி நேரம் வெளியே இருந்தோம். அம்மா செபமாலை சொல்வதுபோல் வாரை விரலால் நெருடிக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள்.

ஐந்தாவது ஓட்டையில் ஒரு மடிப்புக் கோடு. ஆறாவதில் ஒன்று, ஏழாவதில் ஒன்று. எட்டாவது ஓட்டை கருகிக் கோணலாக. அம்மா ஒவ்வொன்றாக நகத்தால் தொட்டாள். எண்ணி முடித்ததும் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"இந்த ஓட்டை யாரு போட்டது?"

"நான்."

"பட்டைய மாத்துனதும் நீதானா?"

தலையாட்டினேன். அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். எழுந்து போய் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கிருந்து சொன்னாள்.

"அன்னைக்குச் செபத்துல ஆண்டவர் எங்கண்ணுக்குக் காட்டுனாருட்டி. நீ அத மூடி வச்சிட்ட."

பிறகு என்னோடு பேசவில்லை. அப்பா மறைக்கச் சொன்னார் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. அது உண்மைதான். ஆனால் நான் ஸ்கேலில் அளந்தேன். அளந்து பார்த்துவிட்டுத்தான் ஓட்டை போட்டேன். ஸ்கேலின் முனை தேயவில்லை. அது போன ஜூனில் வாங்கியது.

என் தீர்மானம் எந்த நாளில் முறிந்தது என்று பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு நாள் இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். கோயிலுக்குப் போகவில்லை.

ஏப்ரல் 23, புதன்

கணையத்தில் கட்டி. ஈரலுக்கும் பரவிவிட்டது.

எத்தனை நாளாக மெலிகிறார் என்று டாக்டர் கேட்டார். ஒருசந்தி இருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை என்று அம்மா சொன்னாள். நான் பையிலிருந்து இந்த டைரியை எடுத்து, ஓட்டைகளை எழுதிய பக்கங்களைத் திறந்து மேஜையில் வைத்தேன். டாக்டர் தேதிகளைப் பார்த்துத் தன் தாளில் குறித்துக்கொண்டார். மார்ச் பன்னிரண்டு, இருபத்துநாலு, ஏப்ரல் மூன்று, பன்னிரண்டு. "நல்ல கவனிப்பு. பெரியவங்ககூட இப்படிக் குறிச்சு வைக்க மாட்டாங்க" என்றார். யாரும் என்னை இவ்வளவு மோசமாகத் திட்டியதில்லை.

முதலிலேயே வந்திருந்தால் என்று அம்மா கேட்டாள். கேட்கும்போது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மார்ச் தொடக்கத்தில் வந்திருந்தால் அறுவைசிகிச்சையைப் பற்றி யோசித்திருக்கலாம்; உறுதியாகச் சொல்ல முடியாது; இருக்கலாம் என்றார். அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்லியிருந்தால் தூங்கிவிடலாம். ஆம் என்று சொல்லியிருந்தால் அழுதுவிடலாம்.

சாயங்காலம் வார்டில் அப்பாவோடு நான் மட்டும் இருந்தேன்.  கீறலைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். இத்தனைக்கும் நடுவில் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் அது ஒன்றைத்தான் என்னால் சொல்ல முடிந்தது.

"கீழ்க் கொம்புலதான? அன்னைக்கே பாத்துட்டேன்" என்றார்.

"ஏன்ப்பா திட்டல?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"திட்டுனா அடுத்து ஓட்டை போட்டுத் தர மாட்டியேன்னு இருந்தேன்."

அப்போது அப்பாவின் மேல் எனக்குக் கோபம் வந்தது. இதையும் எழுத வேண்டும். சாகப்போகிற மனிதர் மேல் வந்த கோபம். அது போவதற்குள் அவர் தூங்கிவிட்டார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவைக் கூடத்துக் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறோம். அம்மா என்னிடம் 'தண்ணி கொண்டா', 'மாத்திரை எடு' என்று மட்டும் பேசுகிறாள்.

மே 2, வெள்ளி

காலையில் அப்பா தலையணைக்கு அடியிலிருந்து கடிகாரத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். படகுப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்களாம். எட்டாவது ஓட்டையிலும் நிற்கவில்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு போட்டுத் தாட்டி. அவனுவ முன்னாடி வாச்சு ஓடக் கூடாது."

அடுக்களையில் அம்மா காய் நறுக்கும் சத்தம் நின்றது.

"மாட்டேன்ப்பா" என்றேன்.

அவர் கேட்டு நான் மறுப்பது இதுதான் முதல் தடவை. கெஞ்சுவார் என்று பயந்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிகாரத்தை என் மடியில் வைத்துவிட்டு, "அப்ப பழைய பட்டையவே மாட்டு" என்றார்.

கூடத்தின் நடுவில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், கண்ணாடித் துணியை விரித்து உட்கார்ந்தேன். கொம்புகளுக்குப் புது டேப் ஒட்டி, முனை சுருண்டிருக்கிறதா என்று நான்கையும் தடவிப் பார்த்தேன். பைக்குள் கையை விட்டேன். அம்மா வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். போகச் சொல்லவில்லை. தோல்வாரைக் கழற்றி வைத்தேன். ஸ்டீல் பட்டையின் வளைந்த முனை இரண்டு கொம்புகளுக்கும் நடுவில் நூலிழை இடைவெளிகூட இல்லாமல் உட்கார வேண்டும். கழற்றுவதைவிட இதுதான் கஷ்டம். நாலு தடவையும் டிக் என்றது. டேப்பை உரித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பழைய கீறல் மட்டும்தான். புதிதாக ஒன்றுகூட இல்லை. இந்த வேலையை இனி நான் யாருக்கு வேண்டுமானாலும் செய்து கொடுப்பேன்.

சாயங்காலம் செபமாலை முடிந்ததும் கைவிரித்துச் செபிக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். ஈஸ்டர் முடிந்த பாஸ்கா காலத்தில் அது வழக்கமில்லை. ஆனாலும் அம்மா கட்டிலின் ஒரு பக்கம் முழங்காலில் நின்றாள். நான் மறுபக்கம் நின்றேன். அப்பாவால் கையை ஏந்த முடியவில்லை. அம்மா ஒரு முழங்கையைத் தாங்கினாள். நான் மற்றதைத் தாங்கினேன். முதல் மந்திரத்திலேயே கடிகாரம் ஓடியது. எங்கும் நிற்காமல் முன்கை முழுவதும் ஓடி என் விரல்களில் வந்து இடித்தது. ஸ்டீல் ஜில்லென்று இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். மூன்றாவது மந்திரத்தில் நிறுத்தவில்லை. அப்பாவின் தலைக்கு மேலாக அவளுடைய இன்னொரு கை நீண்டு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டது.

ஐந்தும் முடிந்து அப்பாவின் கைகளைக் கட்டில் ஓரமாக மெதுவாக இறக்கினோம். கடிகாரம் வந்த வழியே திரும்ப ஓடி, மணிக்கட்டைத் தாண்டி, சூம்பிய கையையும் விரல்களையும் தாண்டி, சிமெண்டுத் தரையில் முகம் குப்புற விழுந்தது. அப்பாவின் ஒரு கை அம்மாவின் கையில் இருந்தது. மற்றது என் இரண்டு கைகளுக்குள்ளும். அம்மாவின் இன்னொரு கை என் தோளில். கடிகாரத்தை எடுக்க எங்கள் யாரிடமும் ஒரு கை மிச்சம் இல்லை.